வளையம் பிடிக்கும், கிளிப் காக்கும்

(மும்பை மாட்டுங்காவில் பொறியியல் மாணவர்களும் கார் மெக்கானிக்குகளும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய விஷயம். அளந்து பார்த்தால் இரண்டு விரற்கடை நீளம்கூட வராது. சொந்தக் கையால் கட்டும் ஒரு காரில், டாங்கிலிருந்து வரும் உலோகப் பெட்ரோல் குழாய் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்குகிற இடம் அது. அந்த இணைப்பை எப்படிச் செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் என் பேச்சு. இதற்கு ஒரு மாலைப் பொழுதா என்று சிலருக்குத் தோன்றலாம். பிரேக் தேய்ந்தால் சத்தம் கேட்கும். டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும். இந்த இணைப்பு விட்டுப்போனால் முதலில் வருவது பெட்ரோல் வாசனை, அடுத்து வருவது தீ. இரண்டுக்கும் நடுவே சில விநாடிகள்தான் இருக்கும். அதனால்தான் இந்த இரண்டு விரற்கடைக்கு ஒரு மாலை தேவை என்று நினைக்கிறேன்.

இதைப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. செம்பூரைத் தாண்டி மாகுல் பக்கம் போனால் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. ஸ்டான்வாக் கம்பெனி 1954-ல் தொடங்கியது இன்று இந்துஸ்தான் பெட்ரோலியத்திடம் இருக்கிறது. பர்மா ஷெல் 1955-ல் தொடங்கியது இன்று பாரத் பெட்ரோலியத்திடம் இருக்கிறது. பெட்ரோல் அங்கே பிறக்கிறது. நாம் கூடியிருக்கும் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. 1887-ல் தொடங்கப்பட்டு 1923-ல் இந்த மாட்டுங்கா வளாகத்துக்கு வந்த கல்லூரி அது. எந்திரவியல் அங்கே படிக்கப்படுகிறது. இரண்டுக்கும் பக்கத்திலேயே தாராவி. தகரம் வெட்டவும், குழாய் வளைக்கவும், பிரேசிங் வைக்கவும் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. குர்லாவில் பிரீமியர் ஆலை ஃபியட் 1100-ஐயும் பிறகு பத்மினியையும் செய்துகொண்டிருந்த காலத்தில், அந்த வண்டிகளைப் பழுது பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். எரிபொருளும் கல்வியும் கைத்தொழிலும் இவ்வளவு நெருக்கமாக இருந்தும், ஒன்று தெரிந்துவைத்திருப்பது இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. என் கவலை அதுதான். இந்தச் சிறிய இணைப்பை வைத்து அந்தக் கவலையைச் சொல்லப் போகிறேன்.

சொந்தமாகக் கட்டும் கார் என்றால் நம் நாட்டில் எதைச் சொல்கிறோம்? வீட்டுக் கொட்டகையில் ஒரு காரைக் கட்டிச் சாலையில் ஓட்ட நம் சட்டம் எளிதில் இடம் தராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே நம்மிடையே கையால் கட்டும் கார் உயிரோடு இருப்பது இரண்டு இடங்களில்தான். ஒன்று பந்தயத் தளம், மற்றொன்று பொறியியல் கல்லூரி.

பந்தயத் தளத்தில் இந்த மரபுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்கப் பணமில்லாத இளைஞர்களும் ஓட்ட வேண்டும் என்று, மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அவர் கட்டினார். பின்னாளில், 2005-ல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் அடியெடுத்து வைத்தது அந்த ஃபார்முலா மாருதி வண்டியில்தான். கரிவரதன் 1995-ல் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கல்லூரி மரபு அதே தளத்தில் வந்து சேர்கிறது. மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே கட்டி, மாணவர்களே ஓட்டும் ஃபார்முலா கார் போட்டி 1981-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1998-ல் இங்கிலாந்துக்கு வந்தது. இந்தியாவில் அதன் வழி வந்த ஃபார்முலா பாரத் போட்டி கரி தளத்தில் நடக்கிறது. மும்பையிலிருந்தும் மாணவர்கள் வண்டியை ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போகிறார்கள். வித்யாவிஹார் சோமையா கல்லூரியின் ஓரியன் ரேசிங் அணிக்கு இதில் பல ஆண்டு அனுபவம் உண்டு. பவாய் ஐ.ஐ.டி. அணி மின்சாரக் காருக்குப் போய்விட்டதால் அவர்களுக்குப் பெட்ரோல் குழாய்க் கவலை இல்லை. பெட்ரோல் எஞ்சினோடு நிற்கும் அணிகளுக்குத்தான் இன்றைய பேச்சு. பழைய பத்மினியையும் ஃபியட்டையும் புதுப்பித்து வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்தப் போட்டியில் ஒரு சோதனை உண்டு. டாங்கை நிரப்பி, ஓட்டுநரை உட்காரவைத்து, காரை ஒரு மேசைமேல் ஏற்றி 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது. அந்தச் சாய்வு, வளைவில் 1.7 ஜி அளவு பக்கவாட்டு விசையில் கார் திரும்புவதற்குச் சமம். அதற்கு முன்பே ஆய்வாளர்கள் டார்ச் விளக்கோடு குனிந்து ஒவ்வொரு ஹோஸ் முனையையும் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது என்ன என்று விதிநூல் தெளிவாகச் சொல்கிறது. டாங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே பிளாஸ்டிக் குழாய் கூடாது. ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டுப் பிடித்தால், ஹோஸ் ஏறும் உலோக முனையில் சுற்றிலும் புடைத்த வளையம் இருக்க வேண்டும், அல்லது முள் போன்ற படிகள் கொண்ட நிப்பிள் இருக்க வேண்டும். கிளாம்ப் எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். முழு 360 டிகிரியும் சுற்றிப் பிடிக்க வேண்டும், நட்டும் போல்ட்டுமாக இறுக்க வேண்டும், ஹோஸை அறுக்காதபடி ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். திருகுப் பல் வைத்த சாதாரணக் கிளிப் அங்கே செல்லாது.

இதில் முதலில் நிற்கும் விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. உலோகக் குழாயின் முனையில் வளையம் வேண்டும் என்கிறார்களே, ஏன்?

முதலில், இரண்டு வகைக் குழாய் ஏன் வேண்டும் என்று பார்ப்போம். டாங்க் சட்டத்தோடு சேர்ந்தது. எஞ்சின் அதிர்வது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் விநாடிக்கு 100 சுற்று, ஒரு மணி நேரத்தில் 3,60,000 சுற்று. எஞ்சின் அசையும்போதெல்லாம், ஒரு முனை எஞ்சினிலும் மறு முனை சட்டத்திலும் கட்டிய குழாயும் வளைகிறது. உலோகம் அத்தனை முறை வளைந்தால் களைத்துப்போகும். செம்பு இன்னும் மோசம். ஏ.சி. கடையில் கிடைக்கும் செம்புக் குழாயை வளைப்பது சுலபம் என்பதால் பலர் அதையே பெட்ரோலுக்குப் போடுகிறார்கள். அதிர அதிரச் செம்பு இறுகி, முறியும் தன்மை பெற்றுவிடும். போதாக்குறைக்குப் பெட்ரோலைச் சீக்கிரம் பிசினாக்கும் குணமும் செம்புக்கு உண்டு. ஆகவே சட்டத்தின் நீளத்துக்கு எஃகுக் குழாய், எஞ்சினை நெருங்கும்போது ஒரு சிறு துண்டு ஹோஸ். உலோகம் கல்லையும் வெப்பத்தையும் தாங்கும், ஹோஸ் அசைவைத் தாங்கும். இரண்டும் வேண்டும். இரண்டு வேண்டும் என்றால் இணைப்பும் வேண்டும்.

இந்த இணைப்பைப் பிரித்துத் தள்ளும் விசை எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாய் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் வாய்ப்பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர். பழைய கார்புரேட்டர் வண்டியில் பம்ப் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பார். தள்ளும் விசை 150 கிராம் எடைதான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் அழுத்தம் 3 பார், அதாவது பத்து மடங்கு. அப்போதும் ஒன்றரைக் கிலோதான். இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும். ஒன்றரைக் கிலோவைப் பிடிக்க ஒரு கிளிப் போதாதா?

புதிதாகப் போட்ட அன்று போதும். ஆனால் ரப்பர் அன்றைய ரப்பராகவே இருப்பதில்லை. எஞ்சின் சூட்டில் கிளிப்புக்கு அடியில் அது நசுங்கிப் படிந்து, திரும்ப மேலே எழாமல் நின்றுவிடும். எஞ்சின் ஆறும்போது ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்கும். கிளிப்பின் பிடி நாளுக்கு நாள் தளரும். வழவழப்பான குழாய்மேல் பெட்ரோல் ஈரம் பட்டால் அதுவே வழுக்கும் எண்ணெயாகிவிடும். அதோடு ஒவ்வொரு அதிர்வும் ஹோஸை ஒரு இம்மி வெளியே இழுக்கும். நான் சொன்ன ஒன்றரைக் கிலோ ஒரே தடவை வந்துவிட்டுப் போகும் விசை அல்ல. வண்டி ஓடும் நேரமெல்லாம், தளர்ந்துகொண்டே போகும் ஒரு பிடியின்மேல் அது விடாமல் வேலை செய்கிறது. வழவழப்பான குழாயில் கிளிப்பின் அழுத்தம் ஒன்றுதான் ஹோஸைக் காப்பாற்றும். அந்த அழுத்தமோ குறைந்துகொண்டே போவது.

வளையம் இருந்தால் நிலைமையே மாறிவிடும். ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி கட்டுகிறோம். கயிற்றை எங்கே கட்டுகிறோம்? விளிம்புக்குக் கீழே, கழுத்தில். விளிம்பு புடைத்து நிற்பதால் கயிறு மேலே வர முடியாது. விளிம்பே இல்லாத வழவழப்பான பானைக்கு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒருநாள் கயிறு உருவிக்கொண்டு வரும். தாராவி கும்பார்வாடாவில் பானையின் வாயை வெளிப்பக்கம் மடித்து விடுகிறார்களே, அதன் பயன் தெரிந்தவருக்கு இந்த விதியைப் புரிந்துகொள்ள வேறு எதுவும் தேவையில்லை. ஹோஸ் வளையத்தைத் தாண்டி ஏற வேண்டும். கிளிப் வளையத்துக்கு அப்பால், கழுத்தில் உட்கார வேண்டும். அப்போது ஹோஸ் வெளியே வர வேண்டுமானால், கிளிப் பிடித்திருக்கும் ரப்பர் முழுவதும் அந்தப் புடைப்பின்மேல் ஏறி வர வேண்டும். கிளிப் கொஞ்சம் தளர்ந்தாலும் அது நடக்காது. பிடிப்பது வளையத்தின் வேலை, கசியாமல் காப்பது கிளிப்பின் வேலை. இரண்டு வேலையையும் கிளிப்பின் தலையில் சுமத்துவதுதான் நாம் பட்டறைகளில் அடிக்கடி பார்க்கும் தவறு.

"கிளிப்பை இன்னொரு சுத்து இறுக்கு தம்பி, எங்கே போயிரும்?" என்று கேட்கும் குரல் நம் எல்லோருக்கும் பழக்கம். "பக்கத்துலயே இன்னொரு கிளிப் போடு" என்ற குரலும் பழக்கம். அன்போடு சொல்கிறேன், இரண்டும் உதவாது. அளவுக்கு மீறி இறுக்கினால் கிளிப்பின் பல்துளை வழியாக ரப்பர் பிதுங்கி அறுபடும். இரண்டாவது கிளிப், முதல் கிளிப் நம்பிய அதே வழவழப்பைத்தான் நம்புகிறது. விசையைக் கூட்டி வடிவத்தின் குறையை ஈடுசெய்ய முடியாது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

சரி, வளையத்தை எப்படி எழுப்புவது? மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, பீடிங் கருவி. குழாயை உள்ளிருந்து உருட்டிப் புடைக்கவைக்கும். இரண்டாவது வழிக்குப் பெரும்பாலான பட்டறைகளில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. பிரேக் பைப்புக்கு இரட்டை மடிப்பு ஃபிளேர் போடும் கருவியில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் முனை குமிழ் போலப் புடைக்கும், இரண்டாம் கட்டத்தில் அது உள்பக்கம் மடியும். முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய வளையம் கிடைத்துவிட்டது. 8 மில்லிமீட்டர் குழாயின் விட்டம் அந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடினாலே போதும். மூன்றாவது வழி, குழாய் முனையில் ஒரு சிறு உலோக வளையத்தையோ முள்படி நிப்பிளையோ நுழைத்து வெள்ளிப் பிரேசிங் வைப்பது. தாராவியில் இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பிரேசிங் வைத்தபின் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸை வெந்நீரில் கழுவிச் சுரண்டி எடுக்க மட்டும் மறக்கக் கூடாது. அது உள்ளே போனால் இன்ஜெக்டரை அடைத்துவிடும். டாங்கோடு சேர்ந்த, பெட்ரோல் தொட்ட குழாயில் ஒருபோதும் நெருப்பு வைக்காதீர்கள். குழாயைக் கழற்றி, சுத்தமாக்கி, வேறிடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

வளையம் எழுப்புவதற்கு முன் குழாயை வெட்டுவது குழாய்க் கட்டரால் இருக்கட்டும். ரம்பத்தால் அறுத்தால் துகள் உள்ளே போகும், முனையும் கோணும். வெட்டியபின் உள்ளேயும் வெளியேயும் பிசிறை எடுங்கள். கூரான ஓரம் ஹோஸின் உள்சுவரைச் சீவிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கிழிந்த தோல் ஒரு கதவு போல் மூடிக்கொண்டு பெட்ரோலை மறிக்கும். ஹோஸ் குழாய்மேல் 25 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். ஏற்றும்போது ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவினால் போதும்.

அளவில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நாக்தேவி தெருவிலும் குர்லா உதிரிபாகக் கடைகளிலும் அங்குலச் சாமானும் மில்லிமீட்டர் சாமானும் ஒரே பெட்டியில் கிடக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டரோடு அது ஒத்துப்போகும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், அது 6-க்குப் பொருந்தாது. 3/8 அங்குலம் 9.52 மில்லிமீட்டர், அது 10-க்குப் பொருந்தாது. கால் அங்குல ஹோஸை 6 மில்லிமீட்டர் குழாயில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு ஏறும். சுலபமாக ஏறுகிறதே என்று மகிழக் கூடாது. சுலபமாக ஏறுவது சுலபமாக இறங்கும். கடைக்குப் போகும்போது வெர்னியர் காலிப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கிளிப்பே வேண்டாம் என்று, எஃகு பின்னல் போட்ட ஹோஸும் மறைத் திருகுடைய ஃபிட்டிங்கும் போடுபவர்கள் உண்டு. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு அதுதான் சிறந்தது. அங்கேயும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வகுத்த ஏ.என். ஃபிட்டிங்குகளின் கூம்பு 37 டிகிரி. ஏ.சி. மெக்கானிக்குகளிடம் இருக்கும் ஃபிளேரிங் கருவியின் கூம்பு 45 டிகிரி. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, திருகினால் இரண்டும் இறுகவும் செய்யும். ஆனால் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும். அது கசியும். கசிகிறதே என்று டெஃப்ளான் டேப்பைச் சுற்றினால் இன்னும் தவறு. அந்தக் கூம்பில் உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்துதான் அடைக்க வேண்டும். டேப்பின் இழை பிய்ந்து ஜெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து ஹோஸின் உடம்பு. வாட்டர் லெவல் பார்க்கும் கண்ணாடி போன்ற பி.வி.சி. டியூப்பைப் பெட்ரோலுக்குப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் அதிலிருக்கும் மென்மையாக்கும் பொருளைக் கரைத்து வெளியேற்றிவிடும். சில மாதங்களில் அது குச்சி போல் விறைத்து முனையில் வெடிக்கும். நைட்ரைல் ரப்பர் ஹோஸ் பல பத்தாண்டுகள் நமக்கு நன்றாக உழைத்தது. இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2023-ல் எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலும் பெட்ரோலும் சேர்ந்த கலவை பழைய ரப்பரை உப்பவைத்து மென்மையாக்கும், சுவர் வழியாக ஆவியையும் கடத்தும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பது மும்பைக் காற்றில் இன்னொரு கேடு. ஆகவே உள்சுவர் ஃப்ளூரோகார்பன் ரப்பரால் ஆன, இன்ஜெக்ஷன் தரக்குறி அச்சிட்ட ஹோஸை வாங்குங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்பது அத்தகைய ஒரு குறி. அச்சே இல்லாத கறுப்பு ஹோஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெட்ரோலுக்கு வேண்டாம். பத்மினி வைத்திருப்பவர்களே, உங்கள் வண்டியின் பழைய ஹோஸ் எல்லாவற்றையும் இந்த ஆண்டே மாற்றிவிடுங்கள்.

பத்மினி என்றதும் இன்னொன்று. அதில் டாங்க் பின்னால், பம்ப் முன்னால் எஞ்சின்மேல். ஆகவே வண்டியின் நீளம் முழுவதும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பக்க இணைப்பு தளர்ந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வண்டி மேடேறும்போது திணறும், சயான் சிக்னலில் சூட்டோடு நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், பம்ப் டயாஃப்ரத்தை மாற்றுவார்கள். குற்றவாளி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வளையமில்லாத ஒரு குழாய் முனையில் ஒளிந்திருக்கும். சொட்டவில்லை என்பதால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

தள்ளும் பக்கத்தில் கசிந்தால் என்ன நடக்கும்? 3 பார் அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பாயும் பெட்ரோலின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பாயும்போதே அது துகளாகிப் புகையாகிறது. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளச் சூடு தேவையில்லை, சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றும். ஒரு பொறி போதும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமான ஆவி தரையோடு பரவி நிற்கும். நெருக்கமான சந்துகளில், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிரும் இடங்களில், பட்டறையும் வீடும் மேலும் கீழுமாக இருக்கும் நம் பகுதிகளில், இது வண்டிக்காரருடைய பிரச்சினை மட்டும் அல்ல.

ஆகவே இணைப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சைலன்சர் குழாய்க்கு மேலே வைக்காதீர்கள். சொட்டினால் எங்கே சொட்டும் என்று முதலில் யோசியுங்கள். உலோகக் குழாயை இணைப்புக்குச் சற்று முன்பே ரப்பர் உறையிட்ட கிளிப்பால் சட்டத்தோடு கட்டுங்கள். கட்டாவிட்டால் குழாயின் அதிர்வு முழுவதும் ஹோஸ் முனையில் வந்து சேரும். ஹோஸ் இழுபட்டும் இருக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். மும்பைக்கென்று ஒரு விதியும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீர், அதோடு கடல் உப்பு. ஹோஸின் வாயிலும் கிளிப்பின் அடியிலும் ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் எஃகை அரிக்கும். மழைக்காலம் முடிந்ததும் கிளிப்பைக் கழற்றி அடியில் பாருங்கள்.

செய்து முடித்தபின் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே சோதியுங்கள். அழுத்தமானி வைத்த கைப்பம்பால் காற்று ஏற்றி, சோப்பு நீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாகி ஆறியபின் இன்னொரு முறை பாருங்கள். முதல் சூட்டில்தான் ரப்பர் படியும்.

இவ்வளவும் கடினமான அறிவு அல்ல. ஆனால் இது இரண்டு துண்டாகக் கிடக்கிறது. கல்லூரி மாணவருக்கு விதிநூல் தெரியும், வளையம் ஏன் என்று அழகாக எழுதுவார், குழாயைக் கையில் கொடுத்தால் முனை கோணும். பட்டறை அண்ணனுக்குக் குழாய் சொன்னபடி வளையும். டாக்சிகளும் ஆட்டோக்களும் சி.என்.ஜி.க்கு மாறியபோது 200 பார் அழுத்தம் தாங்கும் எஃகுக் குழாய்களை ஃபெரூல் வைத்துக் கசியாமல் பூட்டியவர்கள் இந்த ஊர் மெக்கானிக்குகள். அந்தக் கைக்கு 3 பார் ஒரு பொருட்டே அல்ல. அவருக்குக் கிடைக்காதது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் அந்த ஒரு பக்க விதி. ஒரு பக்கம்தான். அதைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தெளிவாக எழுதி, படம் போட்டு, பட்டறைச் சுவரில் ஒட்ட இத்தனை ஆண்டுகள் நமக்கு ஏன் தோன்றவில்லை?

மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் அடுத்த வண்டியின் பெட்ரோல் குழாயை இணைய வழியில் ஆர்டர் போட்டு வாங்காதீர்கள். ஒரு பட்டறைக்குப் போங்கள். அண்ணனிடம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு உங்கள் கையாலேயே வளையம் எழுப்புங்கள். அவருக்கு அந்த விதிப் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அதுதான் அவருக்கு நீங்கள் தரும் குருதட்சிணை.

தொழில் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இது. நாளை காலை உங்கள் கைக்கு வரும் முதல் வண்டியில் ஒரு பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, குழாய் முனையை விரலால் தடவிப் பாருங்கள். வளையம் தட்டுப்பட்டால் நல்லது. வழவழவென்று இருந்தால் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள், அரை மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குரிய கூலியையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கூலி நியாயமானது. ஆய்வாளர் வந்து டார்ச் அடித்துப் பார்க்காத வண்டிக்கும் அதே ஒழுங்கோடு வேலை செய்பவரைத்தான் நான் நல்ல தொழிலாளி என்பேன். மாட்டுங்காவில் படித்தவரும் தாராவியில் பழகியவரும் ஒரே மேசையில் நின்று அப்படி ஒரு காரைக் கட்டிக் கோவைக்கு அனுப்புங்கள். சாய்ப்பு மேசையில் அது ஒரு துளி சிந்தாமல் நிற்கும்போது அந்தப் பெருமையில் இருவருக்கும் சமபங்கு உண்டு.